முகப்பை மாற்றும் முன் முகவரியைக் காப்போம்

சிறு தொழிலின் இணையதளத்தைப் புதுப்பிக்க எண்ணுவோருக்குப் போர்ட் கொச்சி சொல்லும் பாடம்

மட்டாஞ்சேரியில் இறங்கி 'டச்சு அரண்மனை எங்கே?' என்று கேட்டால் எவரும் கை காட்டுவர். ஆனால் அதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். 1555ஆம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்த மாளிகை அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பின்னர் அதைப் பழுதுபார்த்து விரிவாக்கினர். கட்டியவர் பெயர் மறைந்தது. உரியவர் பெயரும் பின்தங்கியது. புதுப்பித்தவர் பெயரே ஊரார் நாவில் நிலைத்துவிட்டது.

அரண்மனைக்கு நேர்ந்த இந்தப் பெயர் மாற்றத்தால் இன்று எவருக்கும் இழப்பில்லை. ஆனால் நம் கடையின் இணையதளத்தைப் புதுப்பித்துத் தருபவர் பெயரிலேயே அதன் முகவரியும் நிலைத்துவிட்டால், இழப்பு நமக்குத்தான். எனவே, இணையதளத்தை மாற்றத் திட்டமிடும்போது நிறம், படம், எழுத்துரு ஆகியவற்றுக்கு முன்பாக எண்ண வேண்டியவை சில உள்ளன.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

போர்ட் கொச்சி சிறு தொழில்களின் ஊர். மிளகும் ஏலமும் மணக்கும் பஜார் சாலைக் கடைகள், ஜூ டவுனின் பழம்பொருள் கடைகள், வெளி பகுதியில் தமிழ் வழி வந்த வண்ணார் சமூகத்தினர் நடத்தும் தோபிகானா, வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடும் ஹோம்ஸ்டேக்கள் என அதன் தெருக்கள் நீள்கின்றன. இவற்றுள் ஒரு ஹோம்ஸ்டேயை மட்டும் எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று அறைகள்; வீட்டிலேயே வசிக்கும் குடும்பம்; பல ஆண்டுகளுக்கு முன் தெரிந்த இளைஞர் ஒருவர் அமைத்துக் கொடுத்த இணையதளம். இப்போது அது கைப்பேசியில் சரியாகத் திறப்பதில்லை. பழைய வாடகையையே காட்டுகிறது. 'புதிதாக ஒன்று செய்துவிடலாம்' என்று குடும்பம் முடிவு செய்கிறது. எங்கே தொடங்குவது?

பழையது செய்யும் வேலை

முதல் வேலை, பழைய தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு தாளில் பட்டியலிடுவது. ஒவ்வொன்றுக்கும் கூகுள் தேடல் வழியே எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் என்னும் இலவச வசதி காட்டும். உரிமையாளர் பெருமைப்படும் பக்கம் ஒன்றாகவும், விருந்தினர் தேடிவரும் பக்கம் வேறொன்றாகவும் இருப்பது உண்டு. நம் ஹோம்ஸ்டேயில் அது 'எப்படி வருவது' என்ற எளிய பக்கமாக இருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் எறணாகுளம் படகுத்துறையிலிருந்து வரும் பழைய வழி மட்டுமே இருந்தால் போதாது. 2018இல் வைப்பினுக்கு ரோ-ரோ படகு வந்தது. 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ, 2024இல் போர்ட் கொச்சிக்கும் நீண்டது. அழகான புதிய தளத்தில் பழைய வழியைச் சொல்லி விருந்தினரை அலையவிடுவதைவிட, எளிய தளத்தில் சரியான வழியைச் சொல்வது மேல்.

பட்டியலிட்ட பக்கங்களுள் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருத்துவது, எதை நீக்குவது என்று குறித்துக்கொள்வோம். வைத்துக்கொள்ளும் பக்கத்தின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் தானே அழைத்துச்செல்லும் ஏற்பாடு வேண்டும். வடிவமைப்பாளர்கள் இதை '301 திருப்பிவிடல்' என்பர். வீடு மாறும்போது அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. இதை மறந்தால், பயண நூல்களிலும் பிறர் எழுதிய கட்டுரைகளிலும் உள்ள இணைப்புகள் அனைத்தும் வெற்றுப் பக்கத்தில் போய் நிற்கும். தேடுபொறியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நற்பெயரும் கரையத் தொடங்கும்.

வங்கிகளே அண்மையில் இந்த வேலையைச் செய்து முடித்தன. போலித் தளங்களைக் கட்டுப்படுத்த, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கிகள் பலவும் பழைய முகவரியைத் தட்டுவோரைப் புதியதற்கு அழைத்துவரும் ஏற்பாட்டுடனேயே மாறின. பெரிய நிறுவனத்துக்குத் தேவைப்படும் இந்த முன்யோசனை மூன்று அறை ஹோம்ஸ்டேக்கும் தேவை.

திறவுகோல் யார் கையில்?

இணையதளம் என்பது ஒரே பொருள் அன்று. டொமைன் பெயர் என்னும் முகவரி ஒன்று, கோப்புகள் தங்கும் ஹோஸ்டிங் என்னும் இடம் ஒன்று, மின்னஞ்சல் ஒன்று, கூகுள் வரைபடத்தில் உள்ள வணிகப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். நம் குடும்பம் இந்தக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியவருகிறது: டொமைன் பெயர் அந்த இளைஞரின் மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது, அவரோ வெளிநாடு சென்றுவிட்டார்.

இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. அன்று அதுவே எளிதாக இருந்தது. ஆனால் புதுப்பிப்பு நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகும்; எவரும் பார்க்கமாட்டார்கள். காலாவதியான பெயரை மீட்கச் சில வாரங்களே அவகாசம் உண்டு. அதுவும் கடந்தால், பணம் கட்டும் எவரும் அப்பெயரை வாங்கலாம். வாசல் பலகையிலும் விருந்தினரின் பரிந்துரைகளிலும் உள்ள நம் முகவரி, வேறொருவர் கடைக்கு வழி காட்டத் தொடங்கும்.

ஆகவே, வடிவமைப்பாளரைத் தேடுமுன் டொமைன் பெயரை உரிமையாளர் பெயருக்கும் அவரது மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்வோம். இதைப் பழைய வடிவமைப்பாளரிடம் நட்புடன் கேட்க உகந்த நேரம், பிணக்கு ஏதும் இல்லாத இன்றைய நாள்தான். புதியவருக்கு வேலை செய்யும் அளவுக்கு மட்டும் அனுமதி தந்து, வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறலாம்.

இலவச வசதியை நம்பியிருப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை. சிறு கடைகளுக்கு இலவசமாகத் தந்துவந்த எளிய இணையதள வசதியைக் கூகுள் 2024 மார்ச் மாதம் நிறுத்தியது. பழைய முகவரிக்கு வந்தவர்களைத் திருப்பிவிடும் ஏற்பாடும் அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாளோடு முடிந்தது. சொந்த டொமைன் பெயர் வைத்திருந்தவர்கள் அதை வேறொரு தளத்தோடு இணைத்துக்கொள்ள முடிந்தது. கூகுள் தந்த முகவரியை மட்டுமே அச்சிட்டு வழங்கியிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

யார் கண்ணுக்கு?

ஜூ டவுனில் 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தை ஒட்டி, 18ஆம் நூற்றாண்டின் மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதன் முகங்களில் மணியைக் காட்டும் எண்கள் ஒரே எழுத்தில் இல்லை. மலையாளம், ஹீப்ரு, ரோமன் என மாறுகின்றன. நேரம் ஒன்றுதான், பார்ப்பவர்கள் வேறு என்பதை அன்றைய வணிக ஊர் அறிந்திருந்தது.

நம் தளத்தைப் பார்ப்பவர் யார்? ஐரோப்பியப் பயணியா, கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ விடுமுறைக்கு வரும் குடும்பமா? பின்னவரும் வருகிறார் எனில், தமிழில் ஒரு பக்கம் வைப்பதில் பெரும் செலவில்லை. அது படமாக அல்லாமல் யூனிகோடு எழுத்தாக இருக்கட்டும். அப்போதுதான் தேடுபொறி அதைப் படிக்கும்.

அடுத்தது கைப்பேசி. இணையதளங்களின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கும் முறைக்குக் கூகுள் 2023இல் முழுமையாக மாறிவிட்டது. வடிவமைப்பாளர் தம் பெரிய கணினித் திரையில் மாதிரியைக் காட்டினால், 'கைப்பேசியில் காட்டுங்கள்' என்று முதலிலேயே கேட்போம். படகில் வரும் பயணிக்கு அலைவரிசை தடுமாறும்; கனமான படங்கள் அவர் பொறுமையைச் சோதிக்கும்.

மாதிரி தயாரானதும் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்போம். பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன், பெரும்பாலான குறைகளைக் காண ஐந்து பேரே போதும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். 'இரண்டு பேருக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அருகில் பேசாமல் அமர்ந்திருப்போம். அவர்கள் தடுமாறும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

பணம் வரும் வழி

தளத்தில் முன்பணம் பெறுவதாக இருந்தால், வாடிக்கையாளரின் அட்டை எண்ணை நாமே வாங்கி வைக்கக் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை விவரங்களைச் சேமிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் தடை உள்ளது. வங்கி அல்லது அனுமதி பெற்ற பணப்பரிவர்த்தனை நிறுவனத்தின் வழியாகவே பெறுவோம். க்யூ.ஆர். குறியீட்டைத் தளத்தில் வைத்தால், ஸ்கேன் செய்யும்போது தோன்றும் பெயர் நம் பெயர்தானா என்பதை அவ்வப்போது சோதிப்போம். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரும் விதியைத் தெளிவாக எழுதி வைப்போம்.

வெளிநாட்டு விருந்தினரின் கடவுச்சீட்டுப் படிகளைப் பழைய தளத்தின் வழியே பெற்றிருந்தால், அவற்றைப் புதிய தளத்துக்கு அப்படியே சுமந்து செல்ல வேண்டாம். சட்டப்படி தேவையானதைப் பாதுகாப்பாக வைத்து, மற்றதை அழித்துவிடுவதே முறை.

மழையில் தொடங்குவோம்

போர்ட் கொச்சியில் விருந்தினர் பருவம் அக்டோபரில் சூடுபிடிக்கிறது. டிசம்பரில், கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில் கொச்சி-முசிறி பினாலேயும், ஆண்டின் கடைசி வாரத்தில் கொச்சித் திருவிழாவும் கூட்டம் சேர்க்கும். அப்போது தளத்தைக் கழற்றிப் பூட்டுவது, கல்யாண நாளன்று வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். ஜூனில் மழை இறங்கும்போது வேலையைத் தொடங்கி, ஆகஸ்ட்டில் சோதித்து, செப்டம்பரில் திறப்பது நல்லது. மாற்றும் நாளுக்கு முன் பழைய தளத்தின் முழு நகல் நம் கையில் இருக்கட்டும். மாற்றிய அன்றே வெளி முகவரி ஒன்றிலிருந்து நமக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்ப்போம். ஹோஸ்டிங் மாறும்போது மின்னஞ்சல் ஓசையின்றி நின்றுபோவதுண்டு. தளம் பளிச்சென்று தெரிய, முன்பதிவுக் கடிதங்கள் மட்டும் வந்து சேராமல் போகும்.

கூலியை ஒரே தவணையில் தர வேண்டாம். தொடக்கத்தில் ஒரு பகுதி, மாதிரி தயாரானதும் ஒரு பகுதி, கணக்குகளும் கடவுச்சொற்களும் நம் கைக்கு வந்த பின் எஞ்சியது என்று எழுதிக்கொள்வோம். முதல் செலவோடு ஆண்டுதோறும் வரும் டொமைன், ஹோஸ்டிங் கட்டணங்களையும் கணக்கில் சேர்ப்போம். அறைகளைச் சீரமைப்பது உள்ளிட்ட பெரிய திட்டத்தின் ஒரு பகுதியாக இது அமைந்தால், கிளையில் கேட்டறியலாம். ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்துள்ளது. தளத்தை மட்டும் மாற்றுவதாயின், பருவத்தில் வந்த வருவாயிலிருந்து ஒதுக்குவதே கடன் சுமையற்ற வழி.

டச்சு அரண்மனைக்குள் இன்றும் கூட்டம் நின்று பார்ப்பது அதன் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்களைத்தான். மாளிகைக்குப் பெயர் எதுவானாலும், காண வருவோருக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. நம் தளத்திலும் விருந்தினர் தேடுவது சரியான வாடகை, சரியான வழி, எடுத்துப் பேசும் தொலைபேசி எண். அவற்றைக் காத்துக்கொண்டு முகப்பை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரிப் பத்திரம் மட்டும் நம் பெயரில் இருக்கிறதா என்பதை, இந்த இதழை மூடி வைக்கும் முன் பார்த்துவிடுவோம்.