நாயன்மார்கட்டை மறைக்காத வடிகட்டி

இலங்கையில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகள் பைதன் மொழியில் செய்நிரல் எழுதப் பழகுகிறார்கள். அவர்களுக்கு நான் தொடக்கத்திலேயே கொடுக்கிற பயிற்சி ஒன்று உண்டு. பயனர் ஒரு வசனத்தைத் தட்டச்சுச் செய்வார். அதில் ஆகாத சொல் இருந்தால் நட்சத்திரக்குறிகளால் மறைத்துத் திரையில் காட்டவேண்டும்.

வழி எளிது. தடைசெய்யும் சொற்களை ஒரு பட்டியலில் வைக்கிறோம். ஒவ்வொன்றும் வசனத்துக்குள் இருக்கிறதா என்று செய்நிரல் தேடும், கண்டால் மாற்றிவிடும். ஆங்கிலத்தில் ஏழெட்டு வரியில் முடிகிற வேலை. நான் அதைத் தமிழில் செய்யச் சொல்வேன். கோபத்தில் வாய்க்கு வருகிற "நாய்", "பேய்" என்ற அளவில் பட்டியலை வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் யாராவது எழும்புவார்கள்:

"ரீச்சர், 'போடா நாயே' எண்டு அடிச்சா பிடிக்குதில்லை."

பாடம் அங்கேதான் தொடங்குகிறது. நாம் சொல்லைப் பார்க்கிறோம். கணினி குறியீடுகளின் வரிசையை மட்டுமே பார்க்கிறது. யுனிகோட் குறியேற்றத்தில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடமில்லை. தமிழின் முதன்மைத் தொகுதியில் இருப்பவை 128 இடங்கள். "நாய்" நமக்கு இரண்டு எழுத்து. பைதனுக்கு ந, அரவு, ய, புள்ளி என்று நான்கு குறியீடுகள். "நாயே" என்னும்போது புள்ளி போய் அந்த இடத்தில் ஏகாரக் குறி வந்துவிடுகிறது. நான்காவது குறியீடு வேறு. ஆகவே செய்நிரலுக்கு இது வேறு சொல்.

கெட்டிக்காரப் பிள்ளை உடனே புள்ளியை நீக்கி "நாய" என்று பட்டியலில் போடும். "நாயே"யும் "நாயா"வும் அகப்படும். ஆனால் நல்லூருக்கு அருகிலுள்ள நாயன்மார்கட்டும் நட்சத்திரமாகிவிடும். 63 நாயன்மாரும் மறைவார்கள். நாயகனும் நாயகியும் கூடவே போவார்கள். "பேய"வைப் போட்டால் பேயாழ்வாரும் தப்பமாட்டார்.

இது உலகம் அறிந்த சிக்கல். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தவர்களால் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட சொல்லின் எழுத்துகள் வரிசையாக இருந்ததை அந்நிறுவனத்தின் வடிகட்டி பிடித்துக்கொண்டது. இத்தகைய பிழைக்கு ஸ்கந்தோர்ப் சிக்கல் என்ற பெயர் அதன் பிறகு நிலைத்தது.

முழுச் சொல்லாக ஒப்பிட்டால் போதாதா? போதும் என்றுதான் ஆங்கிலத்துக்கு எழுதிய பாடங்கள் சொல்லும். சொல்லெல்லையைக் கண்டுபிடிக்கப் பைதனின் ஒழுங்குக் கோவைகளில் ஒரு குறியும் உண்டு. ஆனால் அது நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. "நாயன்மார்" என்ற ஒரே சொல்லை ந, யன, ம, ர என்று நாலு துண்டாக்கிவிடும். அதனால் என் மாணவர்கள் வசனத்தை வெற்றிடங்களில் பிரித்து, ஓரங்களிலுள்ள நிறுத்தக்குறிகளை நீக்கி, பிறகு ஒப்பிடுகிறார்கள். "நாயே", "நாய்களே" போன்ற வடிவங்களையும் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. "கொழுப்பு" என்பதன் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் அரவுமாக. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. தேடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றவேண்டும். அதற்குரிய கட்டளை பைதனிலேயே இருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கோ தனிப் பட்டியல் வேண்டும். ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வசனம் கொடுப்பேன்: "எங்கட நாய் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை." செய்நிரல் இதையும் மறைக்கும். இதில் வசையில்லை, கவலைதான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், ஒரு கெட்ட சொல்லும் இல்லாமல் ஒரு சமூகத்தையே விரட்டச் சொல்லும் வசனம் தடையின்றிப் போய்விடும். இது வகுப்பறைக்கு மட்டுமான கவலையல்ல. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்ட நாட்களில் ஃபேஸ்புக்கில் வெறுப்புப் பதிவுகள் பரவின; அரசு சமூக வலைத்தளங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் அப்படிப் பயன்படுத்தப்பட்டதற்கு 2020 மே மாதத்தில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் மொழிகளில் எது வசை, எது மிரட்டல், எது செல்லம் என்று அறிந்தவர்கள் இல்லாமல் இந்த வேலையைச் சரியாகச் செய்யவே முடியாது.

ஆகவே தடைப்பட்டியலுக்கு முன்னே இன்னொரு பட்டியலை எழுதச் சொல்கிறேன்: ஒருபோதும் மறையக்கூடாத சொற்கள். ஊர்ப் பெயர்கள், கோயில்கள், அடியார்கள், அயலவர் பெயர்கள், வீட்டில் அன்றாடம் பேசுகிற வசனங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முதலில் இவற்றை ஓட்டிப் பார்க்கவேண்டும். எத்தனை வசைகளைப் பிடித்தது என்று மட்டும் பார்த்து நான் புள்ளி போடுவதில்லை. குற்றமற்ற ஒரு பேச்சை அழித்தாலும் அந்தச் செய்நிரல் பிழையானதே. இதை உயர்தர வகுப்பிலேயே உணர்ந்த பிள்ளைகள் நாளைக்கு மென்பொருள் நிறுவனங்களில் அமரும்போது, தமிழுக்கான வடிகட்டிகளை அவர்களே எழுதவேண்டும் என்பதுதான் என் விருப்பம்.