பட்சிராஜன் சொன்னது சரியா?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, ஆன்டெனா பற்றி எழுதித் தருவதாகத்தான் சொல்லியிருந்தேன். அந்த வாரம் பார்த்து ‘2.0’ படத்தை மறுபடியும் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஆன்டெனா ஓரமாய்ப் போயிற்று. (முழுசாகப் போகவில்லை. நடுவில் வந்து எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

படம் வெளியானது 2018 நவம்பர் 29. நான் அப்போது ஆறாம் வகுப்பு. சித்தப்பா செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். 3டி கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஸ்பைடர்மேன் என்றால் நமக்கு சிட்டி! ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வந்தபோது எனக்கு மூன்று வயது, அதை டி.வி.யில் எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அதன் அடுத்த பாகம் என்றால் சும்மாவா? ஊரில் உள்ளவர்கள் கையிலிருந்தெல்லாம் செல்போன் பிய்த்துக்கொண்டு பறக்கிறது, போன்களெல்லாம் சேர்ந்து ஒரு ராட்சசப் பறவை ஆகிறது, அந்தப் பறவைக்குள் பட்சிராஜன் என்கிற பெரியவரின் ஆத்மா! அக்ஷய்குமார் அந்த வேஷத்தில் கூனிக்கொண்டு நடந்தது ராத்திரி கனவில் வந்தது.

கனவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அப்பா தளம் போட்டிருந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் தெருக்கோடியில் ஒரு டவர் எழும்பியது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் இடுக்கில் சிட்டுக்குருவி கூடு இருந்தது. சாமி படத்துக்குப் பின்னாலும் ஒன்று. ஆயா காலையில் அரிசி புடைக்கும்போது முறத்துக்கே வந்து கொத்தும். படம் பார்த்துவிட்டு வந்த அன்று கணக்குப் போட்டேன்: டவர் வந்தது, குருவி போனது. பட்சிராஜன் சொன்னதேதான்! குற்றவாளி பிடிபட்டான்.

டவரை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவின் பட்டன் போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

மறைமலை நகரில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நாளைக்கு ஷிஃப்ட் உண்டா இல்லையா என்பது ராத்திரி வருகிற போனில்தான் தெரியும். அன்றைக்கு அப்பாவுக்குக் கூப்பிட்டார்கள். ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வந்ததும் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் பத்து நாள் கூப்பிடவே இல்லை. மறுநாள் ஆயா அரிசி அளக்கும்போது படியில் போன் வந்தது. அப்பா அடிக்கவில்லை. “ஏன்டா?” என்றார். “குருவிக்காக” என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அடித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

ஏழு வருஷம் கழித்து, செல்போனைத் திட்டும் அந்தப் படத்தைச் செல்போனிலேயே பார்த்தேன். அதுவும் ஆன்டெனா லேப் முடித்த கையோடு.

பட்சிராஜன் சொல்வதில் எது தேறும் என்று பார்ப்போம். முதலில், கதிர்வீச்சு. இந்தச் சொல்லைக் கேட்டாலே அணுகுண்டு ஞாபகம் வருகிறது, அதுதான் தொல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு போட்டானின் சக்தி சுமார் 0.0000037 எலக்ட்ரான் வோல்ட். ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கழற்ற ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். வகுத்துப் பாருங்கள், 27 லட்சம் மடங்கு பற்றாக்குறை! எக்ஸ்ரே செய்கிற வேலையை டவர் செய்யாது.

மிச்சம் இருப்பது சூடு. 20 வாட் கொடுக்கிற ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு திசையில் 50 மடங்கு குவிக்கிற ஆன்டெனா என்று வைத்துக்கொள்வோம். அலை பரவுகிற நேர்க்கோட்டில் 50 மீட்டர் தள்ளி ஒரு காக்காய் உட்கார்ந்திருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 0.03 வாட் வருகிறது. நம் அரசாங்கம் 2012 செப்டம்பரில் டவர் அளவுகளை சர்வதேச வழிகாட்டுதலில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தபோது, 900 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்த உச்ச வரம்பு 0.45 வாட். அதே காக்காய் மேல் மத்தியான வெயில் கொட்டுவது சதுர மீட்டருக்கு 1000 வாட்! காக்காய் முறையிட வேண்டுமென்றால் சூரியனிடம்தான் முறையிட வேண்டும்.

அப்படியானால் பட்சிராஜன் சொன்னதெல்லாம் டூப்பா? படம் வரும் முன்பே செல்போன் கம்பெனிகளின் சங்கம், இது அறிவியலுக்குப் புறம்பானது என்று சென்சார் போர்டுக்குப் புகார் எழுதியது. நானும் அவர்கள் பக்கம் சாய இருந்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் படித்தேன். ஆன்டெனாக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

வலசை போகிற பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை பார்க்கின்றன. நம் வேடந்தாங்கலுக்கு வடக்கே எங்கிருந்தோ ஊசிவால் வாத்து தவறாமல் வந்து சேருகிறதே, வழி காட்டுவதில் நட்சத்திரம், சூரியனோடு இந்தக் காந்தத் திசைகாட்டிக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் என்கிற சின்னப் பறவைகளை மரக் குடில்களில் வைத்துப் பார்த்தார்கள். திசை தெரியாமல் தடுமாறின. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, அதற்கு எர்த் கொடுத்தார்கள். திசை சரியாகிவிட்டது! எர்த் கம்பியைக் கழற்றினார்கள். மறுபடியும் தடுமாற்றம். எர்த்திங் ஒழுங்காகக் கொடு என்று லேபில் ஸார் கத்துவது பறவைக்கும் பொருந்துகிறது பாருங்கள். 2014-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆராய்ச்சி இது.

ஆனால் பறவையைக் குழப்பிய அலைகள் எவை? 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. செல்போன் அலைவரிசை அதற்கெல்லாம் ரொம்ப மேலே. குழப்பியது மத்திய அலை ரேடியோவும், ஊரில் ஓடுகிற சாதாரண மின்சாதனங்கள் கசியவிடும் இரைச்சலும் இருக்கிற வரிசை. ஆக, மனிதனின் மின்காந்த இரைச்சல் பறவையைக் குழப்பும் என்ற மட்டும் பட்சிராஜன் சொன்னது வீண் பேச்சு இல்லை. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். உண்மைக் குற்றவாளியைப் பிடிக்கக் கிளம்பினால் பறக்க வேண்டியது போன் அல்ல. மிக்ஸி, டியூப்லைட் எல்லாம் பறக்க வேண்டியிருக்கும். ஷங்கர் அப்படி எடுத்தால் நன்றாகவே இருக்காது!

படத்தில் அவர் வைக்கிற கோரிக்கைகளில் ஒன்று, நெட்வொர்க் கம்பெனிகளைக் குறைக்க வேண்டும் என்பது. அது வேடிக்கையாக நிறைவேறியே விட்டது. கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி, நாடு முழுக்க என்று பார்த்தால் தனியார் மூன்றும் பி.எஸ்.என்.எல்.லும்தான் மிச்சம். டவர் குறைந்ததா? 2022 அக்டோபரில் 5ஜி வேறு வந்தது.

சரி, குருவி எங்கே போயிற்று? நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் குறித்து வைத்த கணக்குகளைத் தொகுத்து 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. அதில், சிட்டுக்குருவி மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை. பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி வேண்டும், கூடு வைக்க இடுக்கு வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் குருவி இருக்காது. படித்தபோது என் முதுகில் யாரோ தட்டினாற்போல் இருந்தது. எங்கள் வீட்டு இடுக்கை மூடியது டவர் கம்பெனி இல்லை. தளம் போட்டது நாங்கள். மழைக்கு ஒழுகாத வீடு வேண்டும் என்று அப்பா டபுள் ஷிஃப்ட் பார்த்துப் போட்ட தளம். ஆயா இப்போது புடைப்பதும் இல்லை, ரேஷன் போக மீதிக்குப் பாக்கெட் அரிசிதான்.

பட்சிராஜன் பாத்திரத்தைப் பறவையியல் அறிஞர் சலீம் அலியை மனதில் வைத்து அமைத்தார்கள் என்று படம் வந்தபோது பேசப்பட்டது. உண்மையான சலீம் அலி (1896 - 1987) இந்தியாவில் செல்போன் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். அவர் பறவைப் பக்கம் வந்த கதை படத்தில் வருவதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. சின்னப் பையனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது, என்ன குருவி என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம். சுயசரிதைக்கே குருவியின் வீழ்ச்சி என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்.

பட்சி என்றதும் நம் பக்கத்து ஊர் ஞாபகம் வர வேண்டாமா? திருக்கழுக்குன்றத்துக்குப் பட்சி தீர்த்தம் என்றே பெயர். மலைக்கோயிலில் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகும். மஞ்சள் முகப் பாறு என்கிற இனம். பழைய ஆட்களைக் கேட்டால் கண்ணால் பார்த்ததைச் சொல்வார்கள். 1990களோடு அந்த வருகை நின்றுபோயிற்று.

அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறு கழுகுகள் விழுந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் நடுவில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. நூறு இருந்த இடத்தில் ஒன்று கூட மிஞ்சவில்லை! அந்த அழிவு தொடங்கிய காலத்தில் செல்போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், டவர் மேல் பழி போட வழியில்லை. நோயா, பூச்சிமருந்தா என்று பல பேர் பல மாதிரி சந்தேகப்பட்டார்கள். செத்த கழுகுகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் கெட்டு உள்ளுறுப்புகள் மேலெல்லாம் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய்க் காரணத்தைக் கண்டுபிடித்து 2004-ல் வெளியிட்டார்கள். டைக்ளோஃபினாக்! நைட் ஷிஃப்ட் முடிந்து முதுகு வலி என்றால் நாம் போட்டுக்கொள்கிற அதே மருந்து. மாட்டுக்கு ஊசி போட்டு, அந்த மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் கழுகுக்கு எமன். நூற்றில் ஒரு மாட்டுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது அரசு.

இதில் வில்லன் யார்? ஊசி போட்டவர் மாட்டின் வலி தீரட்டும் என்றுதான் போட்டார். படமாக எடுக்க முடியாது, சண்டைக்கு ஆளே இல்லை.

சிட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் இந்தத் தடவை சிட்டி எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். முதல் படத்தில் சுஜாதாவின் கை இருந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு கொண்ட மனுஷன். நம் துறை ஆள். படம் வரும் முன்பே 2008-ல் காலமாகிவிட்டார். அந்தச் சிட்டி கற்றுக்கொண்டான், காதலித்தான், பொறாமைப்பட்டான், கடைசியில் தன்னைத் தானே கழற்றிப் போட்டான். இரண்டாவது படத்துச் சிட்டிக்குச் சண்டை மட்டும்தான். பதினொரு வயதில் நான் கைதட்டிக் குதித்த இடம், குட்டிக் குட்டி ரோபோக்கள் புறா மேல் ஏறிக்கொண்டு வருவது. இப்போது பார்த்தால், பறவைக்காக உயிரை விட்ட கிழவரைப் பறவையையே கேடயமாக்கி மடக்குகிறார்கள். கைதட்ட வரவில்லை.

(பயிற்சிக்குப் போன தொழிற்சாலையில் நிஜ ரோபோக்களைப் பார்த்தேன். வேலிக்குள் நின்று வெல்டிங் வைக்கும், வேலிக் கதவைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். ரொம்ப மரியாதையான ஆட்கள்.)

கிழவர் வருகிற பகுதி மட்டும் இப்போது கூடுதலாகவே பிடித்தது. மந்திரியிடம் போகிறார், கோர்ட்டுக்குப் போகிறார், தெருவில் நின்று சொல்கிறார். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அவர் சொன்ன அறிவியல் தப்பாக இருக்கட்டும், ஒருத்தராவது நின்று கேட்டிருந்தால் தப்பு எது சரி எது என்று அங்கேயே பேசித் தீர்த்திருக்கலாம்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஊர் ஜனங்கள் கையிலிருந்தெல்லாம் போன் பறக்கிற இடம் வந்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

“இந்தப் படம்தானடா அது?” என்றார்.

“ஆமாம்பா.”

“தள்ளி உட்காரு” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “அரிசி டிரம்மைப் பூட்டி வைக்கச் சொல்லு ஆயாகிட்ட” என்றார்.