காற்றுக் குழாயிடம் ஜாக்கிரதை!
மலைச் சைக்கிளை வீட்டில் ரிப்பேர் செய்வோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பேர்பாக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே உள்ள மலையில் 1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி ஒரு விசித்திரமான பந்தயம் நடந்தது.

சில வாலிபர்கள் பழைய, கனத்த சைக்கிள்களை மலை மேல் கொண்டு போனார்கள். அங்கிருந்து மண் பாதையில் கீழ் நோக்கி விரட்டினார்கள். பாதையின் நீளம் சுமார் 2 மைல். இறக்கம் சுமார் 1,300 அடி!

பெடலைப் பின்புறமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிள்கள் அவை. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் ஹப் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால், ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே "ரீபேக்" என்று பெயர் வந்தது. "திரும்ப அடை" என்று அர்த்தம்.

ரீபேக் பந்தயங்களில் ஓட்டியவர்களில் ஒருவர் ஜோ பிரீஸ். அவர் 1977-ல் மலைப் பாதைக்கென்றே புதிய சைக்கிள் ஒன்றைச் செய்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டமும் இடம் பெற்றது.

ஆகவே, சொந்தக் கையால் கழற்றி மாட்டும் பழக்கம் மலைச் சைக்கிளோடு கூடப் பிறந்தது. ஆனால் அன்று கழற்றியது கிரீஸ் ஹப். இன்று பலர் கழற்ற முயல்வது வேறு சாமான். அதில் ஆபத்து இருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும். சட்டத்துக்கு நடுவே ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் ஒரு குழாய் இருக்கும். அதுதான் ஷாக் அப்சார்பர். கல்லில் மோதும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

சிலவற்றில் இரும்புச் சுருள் இருக்கும். பெரும்பாலானவற்றில் காற்றுதான் சுருளின் வேலையைச் செய்கிறது. அமுங்கிய குழாய் "படார்" என்று திரும்பித் துள்ளாமல் இருக்க, உள்ளே எண்ணெய் உண்டு. அது சிறு துளைகள் வழியாக ஓடி வேகத்தை அடக்கும்.

கார் டயரில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு காற்று அழுத்தம் இருக்கும். இந்தச் சின்னக் குழாயிலோ 200 பவுண்டு கூட இருக்கும்!

பெரிய தவறு

காற்றை விடாமல் குழாயைத் திருகிக் கழற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மூடியின் கடைசிச் சுற்று கழன்றதும் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். கை, முகம், கண் எதில் வேண்டுமானாலும் படலாம். வால்வை அழுத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே திருக வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

இதைவிட ஏமாற்றக் கூடியது ஒன்று உண்டு. சில சமயம் ஷாக் அப்சார்பர் அமுங்கியபடியே நின்றுவிடும். இழுத்தாலும் நீளாது. வால்வை அழுத்தினால் காற்றும் வராது. "காலியாகிவிட்டது" என்று நினைத்துத் திறக்கத் தோன்றும்.

அது காலி அல்ல. உள்ளே இரண்டு அறைகள் உண்டு. நடுவில் உள்ள சீல் கெட்டால், காற்று மறு அறைக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றுதான் குழாயை அமுக்கி வைத்திருக்கிறது. அதை வீட்டில் திறக்கவே கூடாது. அதற்கென்று உள்ள ரிப்பேர் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

எண்ணெய் இருக்கும் பகுதியும் அப்படியே. பலவற்றில் அங்கே நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும்.

பம்ப் செய்யும் குழப்பம்

டயருக்குக் காற்று அடிக்கும் பம்ப் இதற்கு உதவாது. பெட்ரோல் பங்க் காற்றும் ஆகாது. இதற்கென்றே அளவு காட்டும் சிறிய பம்ப் கிடைக்கிறது.

அதிலும் ஒரு குழப்பம். நேற்று 200 பவுண்டு அடித்தவர் இன்று பம்பை மாட்டிப் பார்க்கிறார். முள் அதற்குக் கீழே காட்டுகிறது. "கசிகிறது!" என்று குழாயைப் பிரித்துவிடுகிறார். உண்மையில் கசிவு இல்லை. குழாயில் இருந்த காற்றில் கொஞ்சம் பம்பின் ரப்பர்க் குழலை நிரப்பப் போய்விட்டது. அவ்வளவுதான்!

பம்பைக் கழற்றும்போது "புஸ்" என்று சத்தம் வருவதும் பெரும்பாலும் ரப்பர்க் குழலில் உள்ள காற்றே.

எவ்வளவு காற்று?

அடுத்தவர் சைக்கிளில் இருக்கும் அளவைப் பார்த்துக் காற்று அடிப்பதும் தவறு. ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ப அடிக்க வேண்டும். வழக்கமான உடை, பையோடு அவர் சைக்கிளில் உட்கார்ந்ததும் குழாய் சிறிது அமுங்கும். மொத்த அசைவில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கினால் பொதுவாகச் சரி. 50 மில்லி மீட்டர் அசையும் குழாயானால் 12.5 முதல் 15 மில்லி மீட்டர். தண்டின் மேல் உள்ள ரப்பர் வளையம் நகர்ந்த தூரம் இதைக் காட்டிவிடும்.

ஒரே மூச்சில் அடிக்காமல் சிறிது சிறிதாக அடித்து, இடையிடையே குழாயை மெல்ல அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் இரண்டு அறைகளிலும் காற்று சமமாகும்.

எண்ணெயும் தண்ணீரும்

பளபளக்கும் தண்டில் செயின் எண்ணெய், துரு எடுக்கும் எண்ணெய் ஆகியவற்றைத் தெளிப்பவர்கள் உண்டு. செயின் எண்ணெயில் தூசி ஒட்டும். துரு எடுக்கும் எண்ணெய் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைக்கும். மெல்லிய ஈரத் துணியால் துடைத்தாலே போதும். வேகமாகப் பீச்சும் தண்ணீர்க் குழாயை சீல், பேரிங் பக்கம் காட்டக் கூடாது. அழுக்கு உள்ளே போய்விடும்.

தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகுவது இன்னொரு தவறு. ஒரு கீறல் விழுந்தால் போதும். அந்த வழியே காற்றும் எண்ணெயும் கசியும்.

முறுக்கினால் தீருமா?

பின்புறம் "கறகற" என்று சத்தம் கேட்டால், எல்லாப் போல்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்குவார்கள். அலுமினிய மரை அறுந்துவிடும். பேரிங் நசுங்கும். ஒவ்வொரு போல்டையும் எவ்வளவு முறுக்கலாம் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அளவு காட்டும் ஸ்பேனரால் அதே அளவுக்கு முறுக்க வேண்டும்.

எது வீட்டு வேலை?

துடைப்பது, காற்று சரிபார்ப்பது, போல்டுகளைக் கவனிப்பது, சீட்டைப் பிடித்துத் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை வீட்டு வேலை. காற்று அறையின் சீல்களை மாற்றுவதும் பழகியவர்களுக்கு முடியும். கையேடும், சரியான சீல்களும், அதற்குரிய கிரீஸும் வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அமுங்கி நின்ற குழாய், எண்ணெய் ஒழுகும் குழாய், "களக் களக்" என்று சத்தமிடும் குழாய் ஆகியவை தெரிந்தவர் கைக்கே போக வேண்டும். ரிப்பேர் கூலி கொடுத்தால் சைக்கிள் திரும்ப வரும். போன கண் திரும்ப வராது!