வரையறுக்கப்பட்ட பொறுப்பு

குற்றக் கதை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன சில உண்டு: நள்ளிரவு, ஒரு பிணம், மறைத்து வைத்த ஆயுதம், கூர்மதி படைத்த துப்பறிவாளர், ஈற்றில் கைவிலங்கு. இவற்றின் துணையின்றி ஒரு குற்றக் கதையைச் சொல்லுதல் கூடுமா? கூடும் என்று காட்டியவர் சத்யஜித் ராய். 1971ஆம் ஆண்டு அவர் வங்க மொழியில் உருவாக்கிய ‘சீமாபத்த’ என்னும் திரைப்படத்தில் குற்றம் நீறுபூத்த நெருப்பாகவே இருக்கிறது. படத்தின் முற்பகுதியில் அதன் வெம்மையைக்கூட நாம் உணர்வதில்லை.

தலைப்பின் பொருளை முதற்கண் காண்போம். சீமா என்பது எல்லை. பத்த என்பது கட்டுண்டது. எல்லைக்குள் கட்டுண்டவன் என்பது திரண்ட பொருள். ஆங்கிலத்தில் இப்படத்துக்குக் ‘கம்பெனி லிமிடெட்’ என்று பெயரிட்டார்கள். கம்பெனிச் சட்டத்தில் லிமிடெட் என்ற சொல் பங்குதாரரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. கம்பெனி எவ்வளவு கடன்பட்டாலும் பங்குதாரர் இழப்பது தம் பங்குத் தொகையை மட்டுமே. வாணிகத்துக்கு இது மிக நல்ல ஏற்பாடு. இதே ஏற்பாட்டை மனச்சான்றுக்கும் ஒருவன் செய்துகொண்டால் என்ன ஆகும்? இப்படம் எழுப்பும் கேள்வி இதுவே.

சங்கர் என்னும் புனைபெயரில் எழுதிய மணிசங்கர் முகர்ஜியின் நாவலைத் தழுவியது இக்கதை. கதாநாயகன் சியாமளேந்து பாட்னாவில் வளர்ந்தவன், பள்ளி ஆசிரியரின் மகன், படிப்பில் முதன்மையானவன். கல்கத்தாவில் ஆங்கிலேயர் தொடர்புடைய ஒரு கம்பெனியில் சேர்ந்து, மின்விசிறிப் பிரிவின் விற்பனை மானேஜராக உயர்ந்திருக்கிறான். கம்பெனி அளித்த உயர்மாடி வீடு, கார், கிளப், டார்ஜீலிங் விடுதிப் பள்ளியில் படிக்கும் மகன் என்று அவனுக்குக் குறை ஒன்றுமில்லை. எஞ்சியிருப்பது டைரக்டர் பதவி ஒன்றே. அதற்குப் போட்டியாளன் ஒருவனும் இருக்கிறான்.

இந்நிலையில் பாட்னாவிலிருந்து மைத்துனி துதுல் விருந்தினளாக வருகிறாள். ஒருகாலத்தில் அவனைப் பெரிதும் மதித்த பெண் அவள். குதிரைப் பந்தயம், கிளப், விருந்து என்று அவளுக்குத் தன் உலகத்தைப் பெருமையோடு காட்டுகிறான். அவனோடு சேர்ந்து நாமும் சுற்றிப் பார்க்கிறோம். அவன் இனியவன், பண்புள்ளவன், சிரிக்கத் தெரிந்தவன். அவன் முன்னேற வேண்டும் என்று நாமும் விரும்பத் தொடங்குகிறோம். ராயின் நிதானம் காரணமற்றதன்று. பின்னர் நேரப்போகும் தீமைக்கு நம்மையும் உடந்தையாக்குவதற்காகவே அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்.

பிறகு இடி விழுகிறது. ஈராக் நாட்டுக்குக் கப்பலேற வேண்டிய மின்விசிறிகளில் குறை இருப்பது தெரியவருகிறது. குறையைச் சரிசெய்ய நாள் பிடிக்கும். நாள் கடந்தாலோ ஒப்பந்தப்படி தண்டம் கட்ட வேண்டும், பெயரும் கெடும். ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு விலக்கு உண்டு. போர், இயற்கைச் சீற்றம், வேலைநிறுத்தம் போன்று, விற்பவரின் கட்டுக்கு மீறிய தடையால் தாமதம் நேர்ந்தால் தண்டம் இல்லை. அவ்வாறாயின் அத்தடையை நாமே உண்டாக்கிக்கொண்டால்? சியாமளேந்துவின் கூர்மதி இங்கேதான் தடம் மாறுகிறது. தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியோடு கலந்து பேசுகிறான். ஆலையில் பூசல் மூட்டப்படுகிறது. குண்டு வெடிக்கிறது. காவலாளி ஒருவர் படுகாயமுற்று மருத்துவமனையில் கிடக்கிறார். ஆலைக்குக் கதவடைப்பு. கம்பெனி காப்பாற்றப்படுகிறது, சியாமளேந்து டைரக்டர் ஆகிறான்.

இக்குற்றத்தின் அமைப்பை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சியாமளேந்து எவரையும் தாக்கவில்லை. ஒரு யோசனை கேட்டான், அவ்வளவே. அதிகாரி குண்டு எறியவில்லை. ஏற்பாடு செய்தார், அவ்வளவே. நிர்வாகம் சதி செய்யவில்லை; நிலைமைக்கேற்பக் கதவை அடைத்தது, அவ்வளவே. ஒவ்வொருவர் பொறுப்பும் அவரவர் மேசையோடு முடிந்துவிடுகிறது. எல்லார் பங்கையும் கூட்டிப் பார்த்தாலும் காவலாளியின் காயத்துக்குப் பொறுப்பாளி அகப்படுவதில்லை. குற்றத்தை இவ்வாறு பகுத்துக்கொள்ளும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே உரியது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் தன் கையாலேயே மன்னனைக் கொன்றான். ஆதலால் அவனுக்கு உறக்கம் போயிற்று. சியாமளேந்துவின் கையில் கறை இல்லை.

இந்த உலகம் ராய்க்குப் புதியதன்று. முழுநேரத் திரைப்படக் கலைஞராவதற்குமுன் அவர் 1943 முதல் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணிபுரிந்தவர். அதிகாரிகளின் மிடுக்கையும் அச்சத்தையும் அருகிருந்து கண்டவர். ஆகவேதான் இப்படத்தில் எவரும் கொடியவராக வரைந்து காட்டப்படவில்லை. நாயகனாக நடித்த பருண் சந்தாவுக்கு இதுவே முதற்படம்; துதுலாக நடித்தவர் ஷர்மிளா தாகூர். 1971ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்கு வழங்கப்பட்டது.

சங்கரின் மற்றொரு நாவலைக்கொண்டு ராய் எடுத்த ‘ஜன ஆரண்ய’ 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரும் சோம்நாத் பதவியில் இருப்பவனல்லன். வேலை கிடைக்காமல் தரகுத் தொழிலில் இறங்கிய இளைஞன். ஓர் ஆர்டரைப் பெறுவதற்காக மில் அதிகாரியிடம் ஒரு பெண்ணை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அவள் தன் நண்பனின் தங்கை என்று அறிந்த பின்னும் அவன் பின்வாங்கவில்லை. இரு படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். வறுமை ஒருவனை வழுக்கச் செய்கிறது என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். வளமையும் அதே படியில்தான் வழுக்கச் செய்கிறது.

திருவள்ளுவர் ‘வினைத்தூய்மை’ என்னும் அதிகாரத்தை அமைச்சியலில் வைத்தார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. செயல் தூயதாக இருத்தல் எல்லார்க்கும் வேண்டுவதே. ஆயினும் பிறர் வாழ்வைத் தொடும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ, அவருக்கு அது முதற்கண் வேண்டும். கோப்பில் இடும் ஒரு கையொப்பம், தொலைபேசியில் சொல்லும் ஒரு சொல், எங்கோ ஒரு வாயிலில் நிற்கும் காவலாளியின் மேல் சென்று விழக்கூடும்.

படத்தின் முடிவில் சியாமளேந்துவுக்குத் தண்டனை இல்லை. பதவி உயர்வு பெற்று வீடு திரும்பும் நாளில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. மாடி மாடியாக ஏறுகிறான். தொடக்கத்தில் துள்ளிய கால்கள் பின்னர்த் தளர்கின்றன. தங்கியிருக்கும் நாட்களுக்கென அவன் தந்திருந்த கைக்கடிகாரத்தைத் துதுல் கழற்றி அவன்முன் வைக்கிறாள். வசைமொழி ஒன்றும் இல்லை. அவனை நன்றாக அறிந்த ஒருத்தி இனி அவனை மதிக்கப்போவதில்லை, அவ்வளவே.

சட்டம் எட்டாத இடங்களில் மனிதனைக் காப்பது இந்த மதிப்பு ஒன்றுதான். வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் எவருடைய மதிப்பைப் பெரிதென எண்ணுகிறோமோ, அவர்முன் மறைக்க வேண்டியிராத செயலையே செய்வோமாயின், நம் பொறுப்புக்கு வரையறை தேட நேராது.