உறைபனியும் மண் துகள்களும்

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே போன்ற இடங்களில் மண் பொங்கிச் சாலைகள் பிளப்பதற்கு இதுவே காரணம் எனப் பலரும் கருதுவர். இக்கருத்து முழுவதும் சரியன்று.

அமெரிக்க நிலவியல் அறிஞர் ஸ்டீபன் டேபர், 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், நீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊறவைத்து உறையச் செய்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் இயல்புடையது. எனினும் மண் மேலெழும்பவே செய்தது! உறையும் மட்டத்தை நோக்கிக் கீழிருந்து திரவம் ஈர்க்கப்பட்டு, படலம் படலமாகத் திரண்டு உறைவதே இதன் காரணம். மணலில் இவ்வீர்ப்பு குறைவு. களிமண்ணில் ஈர்ப்பு மிகுதியாயினும் நீர் ஊர்வது மிக மெதுவு. ஆகவே 0.002 முதல் 0.075 மில்லிமீட்டர் வரையுள்ள வண்டல் துகள்களே மிகுதியாகப் பொங்குகின்றன.

உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழும்போது துகள்களின் பருமனே மாறுகிறது. இரசாயனச் சிதைவில் பெல்ஸ்பார் முதலில் அழியும், குவார்ட்ஸ் நிலைத்து நிற்கும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். கடுங்குளிர்ப் பிரதேசங்களில் இது தலைகீழாகிறது. குவார்ட்ஸ் மணியினுள் நுண்ணிய வெடிப்புகளும் திரவக் குமிழிகளும் உள்ளமையால், அது 0.05 முதல் 0.01 மில்லிமீட்டர் அளவுவரை நொறுங்குகிறது. பெல்ஸ்பாரோ அதனினும் பருத்த துகளாகவே நின்றுவிடுகிறது. ரஷ்ய ஆராய்ச்சியாளர் கோனிஷ்செவ் இதனை விளக்கிக் காட்டியுள்ளார். களிமண்ணில் நிகழ்வது வேறு. வளரும் பனிக்கட்டி அதன் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், நுண்துகள்கள் நெருக்குண்டு சிறு கட்டிகளாகத் திரள்கின்றன. ஆனால் மண் நீரில் தோய்ந்திருப்பின், அக்கட்டிகளே வெடித்து உதிரவும் கூடும். இங்கிலாந்தில் களிநிலத்தை இலையுதிர் காலத்தில் உழுது பனிக்கு விட்டுவைப்பது இவ்வுதிர்வை நாடியே.

பருமன் குறைந்து வருவதும் பருமன் கூடி வருவதும், ஆக இரண்டும் வண்டலின் அளவையே நெருங்குகின்றன. பனியால் மிகுதியாகப் பொங்குவதும் அதுவே. எனவே சாலை அமைத்த ஆண்டில் செய்த சோதனையைப் பல குளிர்காலங்களுக்குப் பின்னரும் நம்பியிருத்தல் தகாது. களப்பணியாளர் குளிருக்கு முன்னும், பனி உருகிய பின்னும் மாதிரி எடுத்து, 75 மைக்ரான் சல்லடையில் கழுவிச் சலித்தல் நலம். கட்டிகளைக் கரைக்கும் மருந்தைச் சேர்த்து ஒருமுறையும், சேர்க்காமல் ஒருமுறையும் சலித்தால், திரண்ட கட்டிகள் எவ்வளவு என்பது புலனாகும். மாதிரியின் ஈரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கனத்த வண்டிகளால் சாலைக்குப் பெருங்கேடு நேர்வது நடுக்குளிரிலன்று. மேல்மண் உருகியும் கீழே பனி நீங்காமல், நீர் வடிய வழியின்றி நிற்கும் வசந்த காலத்திலேயே.

சமவெளிப் பள்ளியிலும் இதனைச் சோதித்துக் காணலாம். ஒரே களிமண்ணில் ஒத்த அளவுள்ள இரு உருண்டைகளைப் பிடித்து, ஈரம் போகாதபடி பாலிதீன் தாளில் சுற்றுக. ஒன்றைப் பத்து நாட்கள் இரவில் குளிர்பெட்டியின் பனியறையிலும், பகலில் வெளியிலும் வைக்க. மற்றதை வெளியிலேயே விடுக. பின் இரண்டையும் நீர் நிறைந்த இரு கண்ணாடிக் குவளைகளில் இட்டு, எது முன்னதாக உதிர்கிறதென மாணவர் குறித்து வரட்டும். மிகுந்த ஈரமுள்ள உருண்டைகளைக் கொண்டு மறுமுறையும் செய்தல் வேண்டும்.