ஆராய்ச்சிக் குறிப்பேடும் கணினியும்

ஓர் ஆராய்ச்சியின் முடிவு சில வரிகளில் அடங்கிவிடும். ஆனால் அம்முடிவை எய்துவதற்காக ஆராய்ச்சியாளர் படித்த நூல்கள், எடுத்த அளவைகள், கைவிட்ட முயற்சிகள், இடையில் எழுந்த ஐயங்கள் ஆகிய யாவும் சேர்ந்து பெருங்குவியலாக வளர்கின்றன. எந்த அளவையிலிருந்து, எந்தக் கணக்கின் வழியாக இம்முடிவு வந்தது என்று காட்ட இயலாத ஆராய்ச்சி, எவ்வளவு உழைப்பின் பயனாயினும், பிறர் நம்பி மேற்கொண்டு நடப்பதற்கு உதவாது. இக்குவியலை ஒழுங்குபடுத்தவும், அதனைத் திரும்பப் பார்த்துச் சிந்திக்கவும் துணைபுரியும் கணினி மென்பொருள்கள் பல இன்று கிடைக்கின்றன. அவை என்ன செய்கின்றன, என்ன செய்வதில்லை என்பதை அறிந்திருத்தல் ஆராய்ச்சிக் கூடத்தாருக்கு மட்டுமன்றி, களத்தில் விவரம் சேகரிப்போருக்கும் ஆசிரியர்களுக்கும் அவசியமாகும்.

பாரடேயின் எண்ணிட்ட பத்திகள்

இம்மென்பொருள்களின் அடிப்படைக் கருத்துகள் கணினிக்கு மிகவும் முற்பட்டவை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றிய மைக்கேல் பாரடே தம் சோதனைகளைத் தேதியுடன் எழுதி வந்தார். 1832-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் இட்டார். 1860-இல் அவ்வெண் 16,041-ஐ எட்டியிருந்தது. புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா என்று 1849-இல் அவர் செய்த சோதனைகள் எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. அவற்றையும் அவர் விடாது குறித்து வைத்தார்.

நல்ல குறிப்பேட்டின் இலக்கணம் இதிலேயே அடங்கியுள்ளது. ஒவ்வொரு குறிப்புக்கும் தேதியும் அடையாள எண்ணும் இருத்தல் வேண்டும். வெற்றியைப் போலவே தோல்வியும் பதிவு பெற வேண்டும். ஒரு குறிப்பிலிருந்து அதனோடு தொடர்புடைய மற்றொரு குறிப்பைச் சுட்ட முடிய வேண்டும். இன்றைய மென்பொருள்கள் இம்மூன்றையும் விரைவாகவும் பெருமளவிலும் செய்கின்றன.

படித்ததைப் பேணுதல்

கிரெகர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு பாரம்பரிய விதிகளைக் கண்டறிந்து 1866-இல் வெளியிட்டார். அதன் சிறப்பை விஞ்ஞான உலகம் உணர்ந்தது 1900-இல்தான். 34 ஆண்டுகள் அக்கட்டுரை அச்சில் இருந்தும் உரியவர் கவனத்துக்கு எட்டாமல் கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சி அலுவலகத்துக்குத் தலைமை வகித்த வான்னெவர் புஷ், 1945-இல் எழுதிய கட்டுரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். நூல்களையும் குறிப்புகளையும் நுண்படச் சுருளில் சேமித்து, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி, வேண்டும்போது திரையில் காட்டும் மேசை ஒன்றை அவர் கற்பனை செய்தார். அதற்கு மெமெக்ஸ் என்று பெயரிட்டார். அது செய்யப்படவே இல்லை. ஆயினும் பிற்காலத்து மென்பொருள் அமைத்தோர் பலருக்கு அக்கருத்தே தூண்டுகோலாயிற்று.

இத்துறையில் இந்தியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை ஒரே தலைப்பில் அடைக்காமல், பல முகங்களாகப் பிரித்துக் குறிப்பது அம்முறையின் சிறப்பு. நெற்பயிரைத் தாக்கும் பூச்சியை ஒரு மாவட்டத்தில் குறிப்பிட்ட ஆண்டில் ஒழித்த முயற்சியைப் பற்றிய நூலைப் பயிர், பூச்சி, செயல், இடம், காலம் எனத் தனித்தனியே நோக்கலாம். ஒரே கட்டுரைக்குப் பல குறிச்சொற்களை இட்டு, அவற்றுள் எதனைக் கொண்டும் தேடியெடுக்கும் இன்றைய வழக்கம் இதற்கு நெருங்கிய உறவுடையது.

அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மையம் ஒன்று 2006-இல் வெளியிட்ட ஜொட்டேரோ என்னும் மென்பொருள் இவ்வகையில் பரவலாக வழங்குகிறது. இதனை விலையின்றிப் பெறலாம். கணினித் திரையில் ஒரு கட்டுரை தோன்றும்போது, ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, வெளியிட்ட ஏடு முதலியவற்றை இது தானாகவே எடுத்துப் பதிவு செய்துகொள்ளும். கட்டுரையின் பிரதி, குறிச்சொற்கள், படித்தவரின் குறிப்பு ஆகியவற்றையும் உடன் வைக்கலாம். ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையை எழுதும்போது மேற்கோள் நூற்பட்டியை வேண்டிய முறையில் அதுவே அமைத்துத் தரும். ஆனால் அக்கட்டுரை ஏன் சேர்க்கப்பட்டது, அதில் ஐயத்துக்குரிய பகுதி எது என்பவற்றைப் படித்தவர் அன்றே எழுதி வைக்க வேண்டும். அவ்வாறு எழுதாத சேமிப்பு, திறவாத அலமாரியை ஒக்கும்.

செய்ததைப் பேணுதல்

அளவைகளையும் கணக்கையும் பேணுவதில் நேரும் பிழை இன்னும் ஆபத்தானது. இதற்கு இரு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கூறலாம்.

ஜீன்களுக்குச் சுருக்கக் குறியீடுகள் உண்டு. அவற்றுள் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்றவற்றை எக்செல் என்னும் அட்டவணை மென்பொருள் மார்ச்சு 1, செப்டம்பர் 2 என்ற தேதிகளாகக் கருதித் தானே மாற்றிவிட்டது. எக்செல் வடிவில் ஜீன் பட்டியல் இணைக்கப்பட்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இறுதியில், பெயரிடும் குழுவினர் 2020-இல் அக்குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி எக்செலில் 2023-இல்தான் சேர்க்கப்பட்டது.

மற்றொன்று பொருளாதாரத் துறையைச் சேர்ந்தது. அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி பெரிதும் குன்றும் என்று 2010-இல் ஒரு கட்டுரை கூறியது. பல நாடுகளில் அரசுச் செலவைக் குறைப்பது பற்றிய விவாதங்களில் அது சான்றாக எடுத்தாளப்பட்டது. 2013-இல் மாணவர் ஒருவர் அக்கணக்கின் அட்டவணையைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்தார். 20 நாடுகளுக்குச் சராசரி காண வேண்டிய இடத்தில் 5 நாடுகள் வாய்பாட்டில் விடுபட்டிருந்தன. கணக்கிட்ட முறையிலும் வேறு குறைகள் காணப்பட்டன. இவற்றைத் திருத்தியபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி, முன்னர்க் கூறப்பட்டபடி 0.1 சதவீத வீழ்ச்சி அன்று, 2.2 சதவீத ஏற்றம் என்று தெரியவந்தது. அட்டவணை கைக்குக் கிடைத்தமையால்தான் வாய்பாட்டில் இருந்த பிழை வெளிப்பட்டது.

இத்தகைய தவறுகளைத் தடுக்கவோ, நேர்ந்தபின் கண்டுபிடிக்கவோ ஆராய்ச்சியாளர் இன்று பின்பற்றும் முறை எளியது. முதலில் எடுத்த அளவைகளை எவரும் திருத்தாதவாறு தனியே வைத்துவிடுகின்றனர். அவற்றின் பிரதியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கணினிக்கு இடும் கட்டளையாக எழுதுகின்றனர். கட்டளைகள் எழுத்தில் இருப்பதால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை கணக்கை எவரும் மீண்டும் நடத்திப் பார்க்கலாம்.

இவ்வாறு எழுதுவதற்கு ஏற்ற சாதனம் ஜூப்பிட்டர் குறிப்பேடு. பெர்னாண்டோ பெரஸ் 2001-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து 2014-இல் இது இப்பெயர் பெற்றது. ஜூலியா, பைத்தான், ஆர் என்னும் மூன்று கணினி மொழிகளின் பெயர்களை இது நினைவூட்டுகிறது. வியாழனின் துணைக்கோள்களை 1610-இல் கண்டு கலீலியோ எழுதிய குறிப்புகளுக்கு வணக்கமாகவும் இது அமைந்துள்ளது. விளக்க உரை, கட்டளை, விடை, வரைபடம் ஆகிய நான்கும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த செய்தி 2016-இல் அறிவிக்கப்பட்டபோது, லைகோ ஆராய்ச்சிக் குழுவினர் இத்தகைய குறிப்பேட்டையும் வெளியிட்டனர். ஆகவே மாணவர்களும் அக்கணக்கைத் தாமே செய்து பார்க்க முடிந்தது.

லினக்ஸ் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அமைத்த கிட் என்னும் மென்பொருள் இதற்குத் துணை நிற்பது. ஒரு கோப்பில் யார், எந்நாளில், எதனை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற வரலாற்றை இது பேணுகிறது. வேண்டின் பழைய நிலைக்குத் திரும்பலாம். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகளுக்குப் பெயரிட்டுத் திகைக்கும் தொல்லை இதனால் நீங்குகிறது.

சிந்தனையைப் பேணுதல்

நிக்லாஸ் லூமன் என்னும் ஜெர்மன் சமூகவியலறிஞர் தம் எண்ணங்களைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுட்டி வந்தார். அவர் விட்டுச் சென்ற துண்டுகள் ஏறத்தாழ 90,000. புதிய துண்டு எழுதும்போதெல்லாம், இது பழையவற்றுள் எதனோடு பொருந்துகிறது, எதனோடு முரண்படுகிறது என்று அவர் தேட வேண்டியிருந்தது. அத்தேடலே சிந்தனையாயிற்று.

2020-இல் வெளிவந்த அப்சிடியன் போன்ற மென்பொருள்கள் இம்முறையைக் கணினியில் எளிதாக்கியுள்ளன. ஒரு குறிப்பில் மற்றொன்றின் பெயரை எழுதினால் இரண்டும் இணைந்துவிடும். அக்குறிப்பை வேறு எவ்வெக்குறிப்புகள் சுட்டுகின்றன என்பதையும் காணலாம். குறிப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருப்பதால், நாளை அம்மென்பொருள் வழக்கொழிந்தாலும் அவற்றைப் படிக்க இயலும். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இவ்வியல்பு உண்டா என்று பார்ப்பது நலம்.

கருவி செய்யாதவை

நல்ல சாதனம் கையில் இருப்பதே நல்ல பதிவாகிவிடாது. பொதுவெளியில் இருந்த ஏறத்தாழ 14 லட்சம் ஜூப்பிட்டர் குறிப்பேடுகளைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. மீண்டும் இயக்கிப் பார்க்கப்பட்டவற்றுள் பிழையின்றி ஓடியவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. முன்பு காட்டிய விடையையே மறுபடியும் தந்தவை நூற்றுக்கு நான்கு. கட்டளைகளை வரிசை மாற்றி இயக்குதல், பயன்படுத்திய துணை மென்பொருள்களைக் குறிக்காது விடுதல் ஆகியவை இதற்குரிய காரணங்களுள் சில.

கட்டுரைகளைச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இல்லாத நூலை இருப்பதாகக் காட்டும் குறை அவற்றில் காணப்பட்டுள்ளது. சுட்டப்பட்ட நூலை நேரில் பார்க்காமல் பட்டியலில் சேர்த்தல் கூடாது.

களத்திலும் பள்ளியிலும்

களப்பணிக்கு ஏற்ற சாதனங்களும் உள்ளன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய ஓடிகே என்னும் மென்பொருளைக் கொண்டு கைபேசியிலேயே வினாப்படிவத்தை நிரப்பலாம். தொடர்பு கிடைக்காத ஊரிலும் அது இயங்கும். பின்னர்த் தொடர்பு கிடைக்கும்போது விவரங்களை அனுப்பும். நேரத்தையும் இடத்தையும் அதிலேயே பதியலாம். பொருந்தாத எண்ணை ஏற்காதவாறும் படிவத்தை அமைக்கலாம்.

ஆயினும் சில செய்திகளை மனிதரே எழுத வேண்டும். மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்க்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுத வேண்டும். பார்க்காத நாளை 0 என்று எழுதுதல் பிழையாகும். அதனை ‘பார்க்கவில்லை’ என்றே குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எவரும் வராமல் திங்களன்று அளந்த நீர் இரு நாள் மழை. அதனைக் குறிக்காவிடில், அன்று ஒரே நாளில் பெருமழை பெய்ததாகக் கணினி கொள்ளும். மாத மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் கனமழை நாட்களைக் கணக்கிட்டு வாய்க்காலோ பாலமோ திட்டமிடுவோர் தவறான எண்ணைப் பெறுவர்.

தேதியை 3-4-2024 என எழுதினால் ஏப்ரல் 3 என்றும் மார்ச்சு 4 என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது சர்வதேசத் தர முறை. அவ்வாறு பெயரிட்ட கோப்புகள் கணினியில் கால வரிசையாகவே அமையும். முதல் பதிவின் பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பதும், வாரம் ஒருமுறை குறிப்புகளைப் படித்து எதிர்பாராதது எது, மீண்டும் அளக்க வேண்டியது எது என்று எழுதுவதும் நல்ல பழக்கங்கள். கணினி இல்லாத இடத்தில் இவை யாவற்றையும் நோட்டுப் புத்தகத்திலும் செய்யலாம்.

பதிவு நன்றாக உள்ளதா என்பதை அறிய ஆசிரியர் ஒரு எளிய சோதனை நடத்தலாம். ஒரு மாணவன் எழுதிய குறிப்பை மற்றொரு மாணவனிடம் கொடுத்து, எழுதியவனிடம் ஒன்றும் கேட்காமல் அக்கணக்கைத் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். அதே விடை வந்தால் குறிப்பு முழுமையானது. வராவிடில் எவ்விடத்தில் அவன் தடைப்பட்டான் என்பதே அடுத்த பாடமாகும். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களின் பதிவுகளையும் அளக்கும் கோல் இதுவே.