அழகுக்கு வந்தது, ஆற்றை மூடியது

கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே கிட்டங்கிப் பாதையால் போய் வருகிறவர்களுக்கு ஆற்றுவாழையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாரி வெள்ளத்தோடு மிதந்து வந்து பாலத்தடியில் அடைந்து கொள்ளும். பிறகு தோணி போகாது, வலை விழாது, தண்ணீர் இருக்கும் இடமே தெரியாது. ஆனால் பூக்கும் காலத்தில் பாருங்கள்! இளம் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. மேலிதழில் மயிலிறகின் கண்ணைப் போல நீலம் சூழ்ந்த ஒரு மஞ்சள் பொட்டு.

வந்த வினை எல்லாம் அந்தப் பூவால்தான். ஆற்றுவாழையின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசன் நதிப் பிரதேசம். பூவின் அழகில் மயங்கியவர்கள் தோட்டத்துத் தடாகங்களுக்கென்று அதை நாடு நாடாகக் கொண்டு போனார்கள். இலங்கைக்கு அது வந்தது 1905ஆம் ஆண்டளவில். நான்கே வருடங்களில், 1909இல், அதை ஒழிப்பதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு பூச்செடிக்கு எதிராக ஒரு நாடு சட்டம் இயற்றுவதென்றால், அந்த நான்கு வருடத்தில் அது என்ன பாடு படுத்தியிருக்கும்? சட்டம் வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆற்றுவாழை இன்னும் இருக்கிறது.

அமேசனில் அதைத் தின்று வாழும் பூச்சிகள் உண்டு. அவை அங்கே அதை அடக்கி வைத்திருக்கின்றன. இங்கே செடி மட்டும் வந்தது, அதன் எதிரிகள் வரவில்லை. வெப்பமான, உரச்சத்துள்ள நீர் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அதன் தொகை இரட்டிப்பாகிவிடும். நம் வயல்களில் போடும் யூரியாவின் மிச்சம் வாய்க்கால் வழியே போய்ச் சேருமிடம் எது? குளமும் வாவியும்தான். பற்றாக்குறைக்கு, அதன் விதைகள் சேற்றுக்குள் இருபது வருடம் வரையும் உயிரோடு கிடக்கும். இன்று அள்ளிக் கரையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பச்சைப் போர்வைக்குக் கீழே

மேலே பச்சை, கீழே இருட்டு. வெளிச்சம் இல்லாததால் நீருக்குள் வளரும் நம் ஊர்த் தாவரங்கள் அழுகுகின்றன. அவை அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனும் செலவாகிறது. விராலும் சுங்கானும் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கப் பார்க்கும்; சின்னஞ்சிறு கெண்டைகளுக்கு அந்த வித்தை தெரியாது. தாமரையும் அல்லியும் இடமின்றி ஒதுங்குகின்றன. மேலிருந்து மீனைக் கண்டு பாயும் மீன்கொத்திக்கும், மூழ்கிப் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் திறந்த தண்ணீர் வேண்டும். அது இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்?

நம் வீட்டைத் தொடும் சங்கதி ஒன்றும் உண்டு. மன்சோனியா என்ற நுளம்பின் புழு மற்ற நுளம்புப் புழுக்களைப் போல மூச்செடுக்க மேலே வருவதில்லை. நீர்ச்செடியின் வேரைத் துளைத்து, அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாழ்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பு வகைகளில் இதுவும் ஒன்று.

ஆற்றுவாழைக்கு ஒரு கூட்டாளி, சல்வீனியா. இது பூக்காத, விதையில்லாத ஒரு நீர்ப் பன்னம். கொழும்பில் அன்றிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு 1939இல் வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. ஒரு துண்டு ஒடிந்தால் அது இன்னொரு செடி.

இதை மனிதன் வென்ற கதை சுவையானது. நெடுங்காலமாக விஞ்ஞானிகள் இதை வேறொரு சல்வீனியா இனமென்று நினைத்து, அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். பலன் சொற்பம். 1972இல்தான் இது தனியொரு இனமென்று தெளிவாகிப் பெயரிடப்பட்டது. அதன் பூர்வீகம் தென்கிழக்குப் பிரேசில் என்று 1978இல் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்று கொண்டிருந்தது இரண்டு மில்லிமீற்றர் அளவான ஒரு கறுப்புக் கூன்வண்டு. 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் அதை விட்டார்கள். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் சுமார் 18,000 தொன் சல்வீனியா அழிந்தது. 1986இல் அதே வண்டு இலங்கைக்கு வந்து, பல குளங்களைத் திறந்து விட்டது. ஆற்றுவாழைக்கென்று வேறொரு கூன்வண்டை 1988இல் விட்டார்கள். அதற்கு அந்த அளவு வெற்றி கிடைக்கவில்லை.

“வண்டும் வெளிநாட்டான்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறு செடிகளைத் தின்னுமா என்று முன்கூட்டியே பரிசோதித்த பிறகுதான் அதை விடுவார்கள். வெளியிலிருந்து வந்ததெல்லாம் கேடென்று சொல்லவும் முடியாது. நம் குளத்து மீன் அறுவடையில் பெரும்பங்கான திலாப்பியாவும் 1952இல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க இனம்தான். எத்தனை ஏழை வீடுகளில் அதனால் அடுப்பெரிகிறது! கேடு வருவது, யோசிக்காமல் விடுவதால்.

கண்ணாடித் தொட்டியிலிருந்து

யோசிக்காமல் விடுவதில் நம் வீடுகளுக்கும் பங்குண்டு, சகோதரிகளே. பிள்ளைகளின் ஆசைக்காக மீன்தொட்டி வாங்குகிறோம். பாசியைத் தின்னுமென்று கடைக்காரர் ‘டாங்க் கிளீனர்’ என்ற மீனையும் சேர்த்துத் தருகிறார். விரலளவில் வந்தது ஒரு முழத்துக்கு வளர்கிறது. தொட்டி கொள்ளவில்லை. கொல்லவும் மனமில்லை. “பாவம், குளத்தில் விட்டுவிடுவோம்” என்கிறோம். பாவப்பட்டது மீன் மேல். குளத்தின் மேல் யாரும் பாவப்படுவதில்லை.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீனுக்கு உடம்பெல்லாம் கவசம் போன்ற எலும்புத் தகடு. இங்கே அதைத் தின்னத் துணியும் பிராணிகள் குறைவு. கரையைக் குடைந்து முட்டையிடும். முள்ளான செட்டை வலையில் மாட்டினால் மீனவர் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கத்தி மீன் இன்னும் மோசம். தென்கிழக்காசியாவிலிருந்து அலங்காரத்துக்கு வந்தது, 1990களிலிருந்து பெல்லன்வில – அத்திட்டிய சதுப்பு நிலம் போன்ற இடங்களில் சிறு மீன்களை வேட்டையாடித் திரிகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் மீனினங்கள் ஐம்பதுக்கு மேல் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றில் அனேகமானவை ஒரு விரல் நீளம் கூட இல்லாதவை.

வளர்க்க முடியாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் தொட்டியுள்ள இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். சிவப்புக் காதுள்ள குட்டி ஆமைக்கும் இதே கதைதான். தொட்டிச் செடியையும் சல்வீனியாவையும் சீமெந்துத் தரையில் நல்ல வெயிலில் சருகாகும் வரை காயவிட்டு, எருக்குழியில் போடுங்கள். தொட்டி கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்ற வேண்டாம், தென்னையடியில் ஊற்றுங்கள். கான் போய்ச் சேருவது குளத்தில். அங்கே அந்தத் தண்ணீரோடு போகும் ஒரு நகமளவு துண்டு போதும், சல்வீனியாவுக்கு.